வெள்ளிக்கிழமை ரத்தம்

பெல்ஜியத்தின் புவா தேன் கிராமத்தில் லூயிஸ் லாத்தோ என்ற ஏழைத் தையற்காரப் பெண்ணுக்கு 1868 ஏப்ரலில் அது தொடங்கியது. வெள்ளிக்கிழமைதோறும் கை, கால், விலாவில் ரத்தம் கசியும்; இயேசுவுக்குக் காயம்பட்ட அதே இடங்கள். பிறகு பரவசம். ஊசியால் குத்தினாலும் உணர்வு இராது.

லூவேன் பல்கலைக்கழகப் பேராசிரியர் லெஃபெவ்ர் நேரில் சோதித்து, மருத்துவத்தால் இதை விளக்க முடியவில்லை என்று 1870இல் நூல் எழுதினார். மோசடி அல்லது அற்புதம், இரண்டில் ஒன்றுதான் என்றார் பெர்லின் மருத்துவர் ஃபிர்ஹோ. ஜெர்மானிய அரசும் கத்தோலிக்கத் திருச்சபையும் மோதிக்கொண்டிருந்த காலம் அது. அந்த மோதலுக்குக் ‘கலாச்சாரப் போர்’ என்ற பெயரைப் பரப்பியவரும் ஃபிர்ஹோவே. பாரிஸ் மருத்துவர் பூர்னவீல் 1875இல் இது ஹிஸ்டீரியா என்று முடிவுகட்டினார்.

விவகாரம் பெல்ஜிய மருத்துவ அகாதமிக்குப் போனது. வார்லோமோன் என்ற மருத்துவர், லூயிஸின் கையைக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து முத்திரையிட்டார்.

அப்படியும் ரத்தம் வந்தது.

மோசடி இல்லை, அற்புதமும் இல்லை, நரம்பு நோய் என்றார் வார்லோமோன். முன்முடிவோடு தூரத்திலிருந்து பேசியவர்களைவிட, அருகில் போய்ப் பார்த்த இவரே மதிக்கத்தக்கவர். லூயிஸ் 1883இல் இறந்தார். வயது 33.