தூ, வோஸ், நீர்

லத்தீனில் ‘தூ’ ஒருமை, ‘வோஸ்’ பன்மை. செவ்வியல் காலத்தில் இவற்றிடையே எண்ணைத் தவிர வேறு வேற்றுமை இல்லை. அடிமைக்கும் சீசருக்கும் ஒரே ‘தூ’தான். ஒருவரைப் பன்மையால் உயர்த்தும் வழக்கம் பேரரசின் பிற்காலத்தில் வந்தது. தமிழும் இந்த வழியில் நடந்ததுதான். தொல்காப்பியம் சொல்லும் ‘நீ’, ‘நீயிர்’ இரண்டும் எண்ணையே குறித்தன. பன்மை வடிவமான ‘நீர்’ பின்னால் ஒருவரை மதித்து அழைக்கும் சொல்லாயிற்று. அதற்கும் மேலே ‘நீங்கள்’ ஏறியது. பல ஊர்களில் ஏட்டோடு நின்றுவிட்ட அந்த ‘நீர்’, நாஞ்சில் நாட்டுப் பேச்சில் ‘நீரு’, ‘உமக்கு’ என்று இன்றும் புழங்குகிறது.

அதே நாஞ்சில் நாட்டின் கோட்டாறு கத்தோலிக்க மறைமாவட்டக் கோவில்களில் 1960கள் வரை திருப்பலி லத்தீனில் நடந்தது. கடவுளை அழைக்கும் அதன் ‘தூ’, தமிழ் வழிபாட்டில் ‘நீர்’ ஆனது. மூலத்தில் இல்லாத மரியாதையை இது சேர்க்கவில்லையா, தேவாரம் சிவனை ‘நீ’ என்று அழைக்கவில்லையா என்று கேட்கலாம். தேவாரத்தில் ‘நீர்’ என்ற விளியும் உண்டு, சுந்தரர் பாடல்களில் குறிப்பாக. இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்க முடிகிற மொழியில்தான் ‘நீ’ நெருக்கத்தைக் காட்டும். செவ்வியல் லத்தீனுக்கு அந்தத் தெரிவே இல்லை; ஆகவே ‘தூ’வில் நெருக்கத்தைப் படிப்பதும் நாம் சேர்ப்பதுதான். மொழிபெயர்ப்பாளர் பார்க்க வேண்டியது சொல்லை அல்ல, பேசுவோரின் உறவை. மத்தேயு 27:11 இதற்கு நல்ல சான்று. லத்தீன் விவிலியத்தில் ஆளுநர் பிலாத்துவும் கைதியாக நிற்கும் இயேசுவும் ஒருவரையொருவர் ‘தூ’ என்றே அழைக்கிறார்கள். பழைய தமிழ் விவிலியத்தில் ஆளுநர் ‘நீ’ என்கிறான், கைதி ‘நீர்’ என்கிறார்; ஆனால் வினைமுற்றில் ஆளுநருக்குக் ‘கேட்டான்’, கைதிக்கு ‘என்றார்’.