வயிற்றோட்டம் நிற்கவில்லை, குடல் பரிசோதனையில் ‘எல்லாம் சரி’: அடுத்து என்ன?

“டொக்டர், ஒரு வருசமா வயிறு தண்ணியாப் போகுது. ராவிலையும் மூண்டு தரம் எழும்புறன். கக்கூஸ் வளவுக்குப் பின்னாலை. செட்டிகுளம் முகாமில வரிசையில நிண்ட காலம்தான் ஞாபகம் வருது.”

அந்த அம்மாவுக்கு வயது 62. கோயில், கலியாண வீடு, பஸ் பயணம் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். இரண்டு தடவை உடுப்போடேயே போய்விட்டது என்பதை மகன் வெளியே போன பிறகுதான் மெல்லச் சொன்னார். மலப் பரிசோதனையில் கிருமி இல்லை. பூச்சி மருந்தும் மெட்ரோனிடசோலும் பல தடவை எடுத்தாயிற்று. ஓரிடத்தில் கமெரா விட்டுப் பெருங்குடலையும் பார்த்திருக்கிறார்கள். ‘எல்லாம் சரி, யோசிக்காமல் இருங்கோ’ என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்த ‘எல்லாம் சரி’ பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. கமெராவுக்குத் தெரியாத ஒரு குடல் நோய் உண்டு. மைக்ரோஸ்கோபிக் கொலைற்றிஸ் என்பது அதன் பெயர். நுணுக்குக்காட்டியில் மட்டும் தெரியும் பெருங்குடல் அழற்சி என்று சொல்லலாம். இதில் இரண்டு வகை. ஒன்றில், குடலின் உட்தோலுக்குக் கீழே மிக மெல்லியதாக இருக்க வேண்டிய கொலாஜன் படை தடித்துவிடும். 10 மைக்ரோமீற்றர், அதாவது ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கைத் தாண்டும். 1976இல் சுவீடனைச் சேர்ந்த லின்ட்ஸ்ட்ரோம் என்ற நோயியல் வைத்தியர் இதை முதலில் விபரித்துப் பெயரிட்டார். மற்றதில், அந்த உட்தோலுக்குள் நிணநீர்க்குழியங்கள் அளவுக்கு மீறிப் புகுந்திருக்கும். நோயாளிக்கு இரண்டும் ஒன்றுதான். சிகிச்சையும் ஏறத்தாழ ஒன்றே.

50 வயதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, இது கூடுதலாக வரும். இரத்தம் இல்லாமல் தண்ணீராகப் போகும். அவசரம் வந்தால் அடக்க முடியாது. நித்திரையிலிருந்து எழுப்பும். மனப் பதற்றத்தோடு சேர்த்துப் பேசப்படும் ஐ.பி.எஸ். பொதுவாக நித்திரையைக் குழப்பாது. ஆகவே இரவில் எழும்புகிறீர்கள் என்றால் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மலத்தில் இரத்தம், காய்ச்சல், வேகமான மெலிவு, இரத்தச்சோகை இருந்தால் வேறு நோயாக இருக்கலாம். புற்றுநோயும் அதில் அடங்கும். அப்படியானால் காத்திருக்க வேண்டாம்.

கண்டுபிடிக்க ஒரே வழி பயொப்சி. கொலனொஸ்கொபி செய்யும்போதே குடலின் உட்பக்கத்தில் அரிசிக் குறுணி அளவு துண்டுகளைக் கிள்ளி எடுப்பார்கள். கிள்ளுவது நோகாது. குடல் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் வலப்பக்கத்திலிருந்தும் இடப்பக்கத்திலிருந்தும் எடுக்க வேண்டும். மலக்குடலில் மட்டும் எடுத்தால் நோய் தவறிப் போகலாம். உங்களுக்கு ஏற்கனவே கொலனொஸ்கொபி செய்திருந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “பயொப்சி எடுத்தவையோ?” இந்த அம்மாவுக்கு எடுக்கவில்லை. கூடவே தைரொயிட் பரிசோதனையும், கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனையும் செய்வது நல்லது.

இனி நம்மவர்களுக்கு முக்கியமான விடயம். அம்மாவின் மருந்துப் பையை மேசையில் கொட்டச் சொன்னேன். இடுப்பில் இன்னும் ஷெல் துண்டு இருக்கிறது. அந்த நோவுக்குப் பார்மசியில் வாங்கும் டைக்குளோபினக், பல வருடமாக. அது வயிற்றை எரிப்பதற்கு ஒமெப்பிரசோல். மனநலக் கிளினிக்கில் கொடுத்த செற்றலின். இந்த நோயோடு தொடர்புபட்டவை என்று மருத்துவ நூல்கள் சொல்லும் மூன்று மருந்து வகைகளும் அந்த ஒரே பைக்குள் இருந்தன. போரில் காயப்பட்டவர்களின் பைகளில் இந்தச் சேர்க்கை எனக்குப் புதினமில்லை. ஒமெப்பிரசோலை முதலில் எழுதியது நான்தான்; கிளினிக் கொப்பியில் என் கையெழுத்து இருந்தது.

இதை வாசித்துவிட்டுக் குளிசைகளை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். செற்றலினைத் திடீரென விட்டால் பழைய கனவுகளும் நித்திரையின்மையும் திரும்பி வரலாம். இவருக்கு டைக்குளோபினக்கை நிறுத்திப் பரசிற்றமோலுக்கு மாற்றினோம். பிறகு ஒமெப்பிரசோலை மெல்லக் குறைத்தோம். செற்றலினை மனநல வைத்தியரோடு கதைத்து அப்படியே விட்டோம். எதை முதலில் நிறுத்துவது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். புகைப்பதும் இந்த நோயைத் தூண்டும் என்பதால் அதை விடுவதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

லேசான வருத்தத்துக்கு லோப்பரமைட் போதும். கடுமையானால் பியூடசோனைட் குளிசை: பொதுவாக நாளுக்கு 9 மில்லிகிராம், 6 முதல் 8 வாரம். ஆஸ்துமாவுக்கு உள்ளிழுக்கும் மருந்தின் பெயரும் இதுதான், ஆனால் இன்ஹேலர் குடலுக்கு உதவாது. குடலுக்குள் கரையும்படி செய்த தனி வகை வேண்டும். இது ஸ்ரெரொயிட்தான் என்றாலும் பெரும்பகுதியை ஈரல் அழித்துவிடுவதால் பிரெட்னிசலோனை விடப் பக்கவிளைவு குறைவு, பலனும் கூட. நிறுத்தியதும் பலருக்கு நோய் திரும்பும். அப்போது குறைந்த அளவில் தொடர்வோம், எலும்புத் தேய்வையும் கவனிப்போம். பித்த அமிலம் குடலை எரிச்சலூட்டுபவர்களுக்குக் கொலெஸ்ரிரமின் உதவும்.

சாப்பாட்டில் பெரிய தடை இல்லை. கோப்பியையும் கடும் தேத்தண்ணியையும் குறையுங்கள். பால் குடித்துக் கூடினால் சில வாரம் விட்டுப் பாருங்கள். அதிகம் போகும் நாட்களில் ஜீவனிப் பொதியை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்துக் குடியுங்கள். நோய் தொற்றாது. குடல் புற்றுநோயாகவும் மாறாது. அம்மா அதிகம் பயந்தது அதற்குத்தான்.

அவருக்கு மறுபடி கொலனொஸ்கொபி செய்து பயொப்சி எடுத்தபோது கொலாஜன் வகை என்று வந்தது. பியூடசோனைட் தொடங்கி மூன்றாம் கிழமை இரவு முழுக்கப் படுத்தேன் என்றார். மருந்தை நிறுத்திய நான்காம் மாதம் திரும்ப வந்தது. இப்போது நாளுக்கு 3 மில்லிகிராமில் இருக்கிறார். போன கிளினிக்குக்கு மகன் வரவில்லை, பஸ்ஸில் தனியாகத்தான் வந்திருந்தார்.