கரைக்கோடும் காலமும்: பாரன் தீவு, திருவல்லிக்கேணி வரைபடங்கள் குறித்து

1. கருதுகோள்

வரைபடத்தில் உள்ள கரைக்கோடு, அது அளக்கப்பட்ட நாளுக்கு மட்டுமே சாட்சி. பல காலத்துக் கோடுகளை ஒரே தீர்க்கரேகை ஆதாரத்தில் பொருத்தினால்தான் கரையின் வரலாறு தெரியும். அந்தமான் கடலில் ஒன்றும் வங்கக் கடலில் ஒன்றுமாக இரு கரைகள் இதை நிறுவுகின்றன.

2. பாரன் தீவு

போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 135 கி.மீ. தொலைவில் உள்ள இந்த எரிமலைத் தீவின் குறுக்களவு ஏறத்தாழ 3 கி.மீ. கடலடியிலிருந்து எழுந்த மலையின் உச்சிதான் தீவாகத் தெரிகிறது. கரையை ஒட்டியே ஆழம் என்பதால் நங்கூரமிடுவது கடினம். 1789இல் ஆர்ச்சிபால்ட் பிளேர், எரிமலை சீறிக்கொண்டிருந்ததை நேரில் கண்டு பதிவு செய்தார். விரிவான நிலத்தோற்ற அளவை 1884இல் நடந்தது. நில அளவைத் துறையின் கேப்டன் ஹாப்டே அளந்தார்; புவியியல் ஆய்வுத் துறையின் மாலட் தம் ஆய்வை 1885இல் வெளியிட்டார். 1991இல் மலை மீண்டும் வெடித்து, எரிகுழம்பு மேற்குப் பக்கத் திறப்பு வழியே கடலில் இறங்கியது. முன்பிருந்த கரையை அறிய 1884இல் அளந்த கோடு துணை.

3. நுங்கம்பாக்கத்து ஆதாரம்

1792இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த சென்னை வானாய்வகத்தின் தீர்க்கரேகையே இந்திய நில அளவைக்கு நெடுங்காலம் அடிப்படையாக இருந்தது. பின்னர் அந்த மதிப்பு திருத்தப்பட்டது. திருத்தத்தைக் கணக்கில் கொள்ளாமல் பழைய வரைபடத் தாளையும் புதிய தாளையும் ஒப்பிட்டால், அசையாத நிலமும் சில கி.மீ. நகர்ந்ததாகத் தோன்றும்.

4. திருவல்லிக்கேணி

அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் திருவல்லிக்கேணியில் ஐஸ் ஹவுஸ் கட்டப்பட்டபோது கடல் அதன் அருகில் இருந்தது. ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலை வடக்கே நகர்த்துகின்றன. 1876 வாக்கில் கட்டத் தொடங்கிய சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் அதை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டது. ஹாப்டே தீவை அளந்த அதே 1884இல்தான் ஆளுநர் கிராண்ட் டஃப் மெரினா நடைபாதையை அமைத்தார். தீவின் கரையை எரிமலை மாற்றியது. இங்கே மாற்றியது மனிதன் கட்டிய சுவர்.

5. முடிவு

கரைக்கோடு இன்று சட்டத்தின் அளவுகோலும்கூட. 1991ஆம் ஆண்டுக் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு விதித்தது. மெரினாவை ஒட்டிய அயோத்திக்குப்பம், நடுக்குப்பம் மீனவர்களின் குடியிருப்பும் வலை உலர்த்தும் மணலும் அந்தக் கோட்டைச் சார்ந்தவை. ஆகவே ஒவ்வொரு கரை வரைபடத்திலும் அளந்த நாள், ஓத நிலை, தீர்க்கரேகை ஆதாரம் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். பழைய தாள்களை ஒரே ஆதாரத்தில் பொருத்தி, தமிழ் விளக்கத்துடன் குப்பத்து மக்கள் கையில் தருவது அரசின் கடமை.