ஒரு சதுர கி.மீ.க்கு 9 பேர்தான்... சைக்கிள் பயணிகளை இழுக்கும் ஸ்பெயினின் 'சைலன்ட் ரூட்'! எங்கே இருக்கு? என்ன ஸ்பெஷல்?

ஸ்பெயின்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது பார்சிலோனா, ரியல் மாட்ரிட், காளைச் சண்டை, கடற்கரை. ஆனால் அதே நாட்டில், அரை மணி நேரம் சைக்கிள் மிதித்தாலும் எதிரே ஒரு கார்கூட வராத சாலைகள் இருக்கின்றன. சுற்றிலும் பைன் காடு, செங்குத்தான பாறைகள், தூரத்தில் ஒரு தேவாலயக் கோபுரம். காதில் விழுவது சைக்கிள் செயின் சத்தம் மட்டும்தான்.

அந்த இடத்தின் பெயர் டெருவெல். சைக்கிள் பயணிகளுக்கு அது சொர்க்கம். அங்கேயே வாழ்பவர்களுக்கோ அதே அமைதிதான் பெரிய கவலை. ஏன்? விரிவாகப் பார்க்கலாம்.

டெருவெல் எங்கே இருக்கு?

ஸ்பெயினின் கிழக்குப் பகுதியில், ஆரகோன் மாநிலத்தின் தெற்கே இருக்கும் மாகாணம் டெருவெல். வடக்கே சரகோசா, கிழக்கே வலென்சியா. பரப்பளவு சுமார் 14,800 சதுர கி.மீ. அவ்வளவு பெரிய இடத்தில் வாழ்பவர்கள் ஏறத்தாழ 1.34 லட்சம் பேர் மட்டுமே. கணக்குப் போட்டால் ஒரு சதுர கி.மீ.க்கு 9 பேர்!

ஒரு பகுதியில் சதுர கி.மீ.க்கு 12.5 பேருக்கும் குறைவாக இருந்தால், அதை மக்கள்தொகை மிகக் குறைந்த பகுதி என்று ஐரோப்பிய ஒன்றியம் கணக்கில் வைக்கிறது. டெருவெல் அந்த அளவுக்கும் கீழே. பக்கத்து மாகாணமான குவென்கா, வடக்கே உள்ள சோரியா ஆகியவற்றின் நிலையும் இதுதான்.

மாகாணத்தின் பெரும்பகுதி மேட்டுநிலம். டெருவெல் நகரமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதனால் இங்கே சைக்கிள் ஓட்டுவது என்றால் ஏற்றம், இறக்கம், மறுபடியும் ஏற்றம்தான்.

ஊர்கள் ஏன் காலியாச்சு?

1900-களின் தொடக்கத்தில் இதே மாகாணத்தில் சுமார் இரண்டரை லட்சம் பேர் இருந்தார்கள். இப்போது கிட்டத்தட்ட பாதிதான். 1936-ல் தொடங்கிய உள்நாட்டுப் போரில் மிகக் கடுமையாக அடிவாங்கிய ஊர்களில் டெருவெல் ஒன்று. 1937-38 குளிர்காலத்தில் உறைபனியில் நடந்த டெருவெல் போர் ஸ்பெயின் வரலாற்றில் மறக்க முடியாதது.

போருக்குப் பிறகு வந்தது இடப்பெயர்வு. 1950, 60-களில் வயலுக்கு டிராக்டர் வந்தது, கூலி வேலை குறைந்தது. பார்சிலோனா, வலென்சியா, சரகோசா தொழிற்சாலைகள் ஆள் தேடின. இளைஞர்கள் மூட்டை கட்டிக் கிளம்பினார்கள். இளைஞர்கள் போனதும் குழந்தைகள் குறைந்தார்கள், பள்ளி மூடியது. பள்ளி மூடியதும் மிச்சமிருந்த குடும்பங்களும் கிளம்பின.

இதைக் குறிக்க ஸ்பெயினில் ஒரு சொல்லே உண்டு: 'எஸ்பான்யா வசியாதா'. 'காலியாக்கப்பட்ட ஸ்பெயின்' என்று பொருள். 'காலியான' என்று சொல்லாமல் 'காலியாக்கப்பட்ட' என்று சொல்வதில்தான் விஷயம் இருக்கு. இது தானாக நடக்கவில்லை, அரசாங்கங்கள் கண்டுகொள்ளாமல் விட்டதால் நடந்தது என்பது மக்களின் குற்றச்சாட்டு. டெருவெல் நகரத்திலிருந்து தலைநகர் மாட்ரிட்டுக்கு நேரடி ரயில் இல்லை என்பது அவர்கள் அடிக்கடி சொல்லும் உதாரணம்.

ஒரே ஒரு எம்.பி... ஆட்சியையே தீர்மானித்த கதை!

இந்தக் கோபத்தில் 1999-ல் உருவான மக்கள் இயக்கம்தான் 'டெருவெல் எக்ஸிஸ்தே'. 'டெருவெல் இருக்கிறது' என்று பொருள். "நாங்களும் இருக்கோம்ப்பா, கொஞ்சம் திரும்பிப் பாருங்க" என்பதுதான் அந்தப் பெயரின் தொனி. 2019 மார்ச் 31-ல் காலியான மாகாணங்களின் மக்கள் மாட்ரிட்டில் திரண்டு பேரணி நடத்தினார்கள். அதே ஆண்டு நவம்பர் தேர்தலில் டெருவெல் எக்ஸிஸ்தே நேரடியாகக் களமிறங்கி, நாடாளுமன்றத்தில் ஓர் இடத்தைப் பிடித்தது.

2020 ஜனவரியில் பெத்ரோ சான்செஸ் பிரதமராவதற்கான வாக்கெடுப்பு நடந்தது. முடிவு 167-க்கு 165! அந்தக் கட்சியின் ஒரே எம்.பி. தோமாஸ் கிதார்தே போட்ட ஓட்டும் அந்த 167-ல் ஒன்று. யாரும் கண்டுகொள்ளாத மாகாணத்தை அன்றைக்கு நாடே பார்த்தது.

அது என்ன 'சைலன்ட் ரூட்'?

ஆள் இல்லாததையே ஊருக்கான அடையாளமாக மாற்றினால் என்ன என்று யோசித்ததன் விளைவுதான் இது. மாகாணத்தின் கிழக்கே கார்காயோ என்ற ஊரில் தொடங்கி கான்டவியேகா பக்கம் போகும் ஏ-1702 சாலைக்கு 'தி சைலன்ட் ரூட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நீளம் 63 கி.மீ. 'மௌனப் பாதை' என்று தமிழில் சொல்லலாம்.

சாலை காடும் மலையுமாக வளைந்து வளைந்து போகிறது. எஹுல்வே ஊரைத் தாண்டியதும் வருவது மஹாலினோஸ் கணவாய், உயரம் 1,450 மீட்டர். அடுத்து இந்தப் பாதையின் ஹீரோ: 'ஓர்கனோஸ் தே மொன்தோரோ'. தேவாலயங்களில் இருக்கும் ஆர்கன் இசைக்கருவியின் குழாய்களை வரிசையாக நிறுத்தி வைத்தது போல, செங்குத்தாக எழுந்து நிற்கும் சுண்ணாம்புப் பாறைகள். இது பாதுகாக்கப்பட்ட இயற்கைச் சின்னம். பிறகு மலை விளிம்பில் உட்கார்ந்திருக்கும் வியார்லுவெங்கோ ஊர். கான்டவியேகா போகும் வழியில் இருக்கும் குவார்தோ பெலாதோ கணவாய் 1,600 மீட்டருக்கும் மேல்.

63 கி.மீ. தானே, மதியத்துக்குள்ள முடிச்சிடலாம்னு நினைக்காதீங்க. சமவெளியில் 63 கி.மீ. ஓட்டுவது வேறு, இது வேறு. பழக்கமில்லாதவர்கள் வியார்லுவெங்கோவில் ஒரு ராத்திரி தங்கி, இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்வதே நல்லது.

வழியில் என்னென்ன வரலாற்று ஊர்கள்?

கான்டவியேகா: பாறை முகட்டின் நுனியில் கட்டப்பட்ட ஊர். 19-ம் நூற்றாண்டில் அரியணை உரிமைக்காக நடந்த கார்லிஸ்ட் போர்களில், தளபதி ரமோன் கப்ரேராவின் முக்கியத் தளமாக இருந்தது. அந்தப் போர்களுக்கான அருங்காட்சியகம் இங்கே இருக்கிறது. தூண்கள் தாங்கும் தாழ்வாரங்களோடு இருக்கும் ஊர்ச் சதுக்கத்தைப் பார்க்கவே பலர் வருகிறார்கள்.

மிராம்பெல்: கான்டவியேகாவுக்குப் பக்கத்தில், மதில் சூழ்ந்த குட்டி ஊர். மக்கள்தொகை நூற்றுச் சொச்சம். மதில் வாசலுக்கு மேலே இருக்கும் ஜாலி ஜன்னல்கள் பிரபலம். மடத்துக் கன்னியாஸ்திரீகள் தங்கள் முகம் வெளியே தெரியாமல் தெருவைப் பார்க்க அமைத்தவை அவை. இயக்குநர் கென் லோச், உள்நாட்டுப் போரைப் பற்றி எடுத்த 'லேண்ட் அண்ட் ஃப்ரீடம்' படத்தின் காட்சிகளை இந்த ஊரில் படமாக்கினார். படம் வந்தது 1995-ல்.

அல்பராசின்: இது மாகாணத்தின் இன்னொரு மூலையில், டெருவெல் நகரத்துக்கு மேற்கே சுமார் 38 கி.மீ. தொலைவில் இருக்கிறது. 11-ம் நூற்றாண்டில் இங்கே குட்டி ராஜ்ஜியம் நடத்திய பெர்பர் வம்சமான பனூ ரசீனின் பெயரே ஊர்ப் பெயரானது. வீடுகளுக்குப் பூசியிருக்கும் செம்மண் நிற ஜிப்சம் சாந்தால் ஊரே இளஞ்சிவப்பாகத் தெரியும். 1961-லேயே தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. பக்கத்துப் பைன் காட்டுப் பாறைகளில் கற்கால மனிதர்கள் வரைந்த ஓவியங்களும் உண்டு. அவை 1998-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்கப்பட்ட பாறை ஓவியங்களில் அடக்கம்.

இங்கிருந்து இன்னும் மேலே ஏறினால் ஃபிரியாஸ் தே அல்பராசின். ஐபீரியத் தீபகற்பத்தின் மிக நீளமான நதி தாஹோ பிறப்பது இங்கேதான். 1,000 கி.மீ. ஓடி, லிஸ்பன் அருகே அட்லாண்டிக் கடலில் கலக்கும் நதி, இங்கே சைக்கிளை நிறுத்திவிட்டுத் தாண்டிப் போகிற அளவு ஓடைதான்!

ஏற்றமே வேண்டாம்னா?

அதுக்கும் வழி இருக்கு. ஓஹோஸ் நெக்ரோஸ் சுரங்கத்திலிருந்து சகுந்தோ கடற்கரை உருக்காலைக்கு இரும்புத் தாது கொண்டுபோக ஒரு ரயில் பாதை இருந்தது. சுரங்க ரயில் நின்றதும் தண்டவாளத்தை எடுத்துவிட்டு, அதைச் சைக்கிள் பாதையாக மாற்றினார்கள். நீளம் சுமார் 160 கி.மீ. ரயிலுக்காகப் போட்ட பாதை என்பதால் சரிவு மென்மையாகத்தான் இருக்கும். ஆனால் பல இடங்களில் தார் கிடையாது, மண் பாதைதான். மெல்லிய டயர் போட்ட ரேஸ் சைக்கிளுக்கு இது சரிப்படாது.

பழைய ரயில் பாதைகளை இப்படி மாற்றும் 'வியாஸ் வெர்தேஸ்' திட்டத்தை ஸ்பெயின் 1993-ல் தொடங்கியது. இன்று நாடு முழுக்க 3,000 கி.மீ.க்கும் அதிகமான பசுமைப் பாதைகள் இருக்கின்றன.

சைக்கிளுக்கு ஸ்பெயினில் என்ன சட்டம்?

சாலை காலியாக இருந்தாலும் சட்டம் கறார்.

* சைக்கிளை முந்தும் வாகனம் குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும். ஒரே திசையில் இரண்டு லேன் இருந்தால், முழுசாக அடுத்த லேனுக்கு மாறித்தான் முந்த வேண்டும்.
* இதை மீறி சைக்கிள் ஓட்டியை ஆபத்தில் தள்ளினால் 200 யூரோ அபராதம். கூடவே டிரைவிங் லைசென்ஸில் 6 புள்ளிகள் காலி. 2022 மார்ச்சுக்கு முன்பு இது 4 புள்ளிகளாக இருந்தது.
* இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டலாம். வளைவு போன்ற பார்வை மறையும் இடங்களில் ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும்.
* குழுவாகப் போனால் சட்டப்படி ஒரே வாகனம். ரவுண்டானாவில் முதல் சைக்கிள் நுழைந்துவிட்டால், கடைசி சைக்கிள் போகும்வரை கார் காத்திருக்க வேண்டும்.
* ஊருக்கு வெளியே ஹெல்மெட் அவசியம். காதில் ஹெட்போன் கூடாது. மது குடித்துவிட்டு ஓட்டினால் சைக்கிளுக்கும் அபராதம் உண்டு.

இந்தக் கறார் சும்மா வரவில்லை. சைக்கிளில் போன கணவரை 2013-ல் விபத்தில் பறிகொடுத்த ஒரு பெண், குற்றவாளிக்கு உரிய தண்டனை கிடைக்கவில்லை என்று கையெழுத்து இயக்கம் நடத்தினார். அதன் தொடர்ச்சியாக 2019-ல் குற்றவியல் சட்டமே திருத்தப்பட்டது. விபத்து நடந்த இடத்திலிருந்து ஓட்டுநர் தப்பி ஓடுவது தனிக் குற்றமானது.

எப்போ போகலாம்? எதில் கவனம்?

மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் நல்லது. குளிர்காலத்தைத் தவிர்த்துவிடுவது உத்தமம். இந்த மாகாணத்தின் கலமோச்சாவில் 1963 டிசம்பரில் வெப்பநிலை மைனஸ் 30 டிகிரிக்குப் போனது! ஜூலை, ஆகஸ்டில் மதிய வெயில் வாட்டும், ராத்திரி குளிரும்.

தண்ணீர் விஷயத்தில் அலட்சியம் கூடாது. ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே கடையே இருக்காது. இரண்டு பாட்டில் தண்ணீர், பஞ்சர் கிட், மாற்று டியூப், சாப்பிட ஏதாவது கையில் இருக்கட்டும். ஊர்ச் சதுக்கத்துக் குழாயில் 'நோ போதாப்லே' என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாத தண்ணீர் என்று அர்த்தம். மதியம் 2 மணியிலிருந்து 5 மணி வரை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். பள்ளத்தாக்குகளில் செல்போன் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். அவசர உதவி எண் 112. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை.

வானியலாளர்களும் இங்கேதான்!

மனிதர்கள் குறைவு என்றால் விளக்கு வெளிச்சமும் குறைவு. அதனால்தான் இதே மாகாணத்தில் 1,957 மீட்டர் உயரத்தில் ஹாவலாம்ப்ரே விண்வெளி ஆய்வகம் அமைந்தது. அந்த மலைச் சாலையில் 2019, 2023 ஆண்டுகளில் 'வுவெல்தா' சைக்கிள் பந்தயத்தின் சுற்றுகள் முடிந்தன. 1935-ல் தொடங்கிய வுவெல்தா, பிரான்ஸின் டூர் தே ஃபிரான்ஸ் போல மூன்று வாரம் நடக்கும் பந்தயம். 2023-ல் இங்கே வென்ற அமெரிக்க வீரர் செப் கஸ், அந்த ஆண்டின் ஒட்டுமொத்த சாம்பியனும் ஆனார்.

சைக்கிள்காரங்க வந்தா ஊர் பிழைக்குமா?

இதுதான் முக்கியமான கேள்வி. ஆரகோனின் பல சின்ன ஊர்களில் 'முல்திசெர்விசியோ' என்று ஒரு ஏற்பாடு உண்டு. மளிகைக் கடை, பார், சாப்பாடு, தங்கும் அறை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. கட்டடம் பெரும்பாலும் ஊராட்சியுடையது, நடத்த ஒரு குடும்பம். ஐம்பது அறுபது பேர் இருக்கும் ஊரில், அவர்கள் வாங்கும் ரொட்டியையும் காபியையும் மட்டும் நம்பி அந்தக் கடை ஓடாது. வெளியூர்க்காரர் ஒருவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, டெருவெல் ஹாமோன் எனப்படும் உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடைக்கறி வைத்த ரொட்டியும் காபியும் வாங்கினால், அது கடைக்குக் கூடுதல் வரவு. கடை இருந்தால்தான் காரோட்ட முடியாத முதியவர்களுக்குப் பாலும் ரொட்டியும் ஊரிலேயே கிடைக்கும்.

ஆனால் அது மட்டும் போதாது. கார்காயோவுக்கு வடக்கே உள்ள அந்தோரா ஊரின் அனல்மின் நிலையம் 2020-ல் மூடப்பட்டது. நிலக்கரியை நம்பியிருந்த அந்தப் பகுதிக்கு அது பெரிய அடி. சைக்கிள் பயணிகள் வருவது வருஷத்தில் சில மாதங்கள்தான். ஒரு குடும்பம் நிரந்தரமாகத் தங்க வேண்டுமென்றால் பள்ளி வேண்டும், டாக்டர் வேண்டும், ரயில் வேண்டும், இன்டர்நெட் வேண்டும். டெருவெல் எக்ஸிஸ்தே 20 வருஷத்துக்கும் மேலாகக் கேட்பதும் இதைத்தான்.

ஆகஸ்ட் மாதம் ஊர்த் திருவிழாவுக்குப் போனால் கதையே வேறு. நகரங்களுக்குப் போன குடும்பங்கள் பேரப்பிள்ளைகளோடு திரும்பி வரும். பூட்டிக்கிடந்த வீடுகளில் விளக்கு எரியும், சதுக்கத்தில் இரவெல்லாம் பாட்டு கேட்கும். செப்டம்பர் வந்ததும் கதவுகள் மறுபடி சாத்தப்படும். அதற்குப் பிறகு அந்தச் சாலையில் வரும் சைக்கிள் பயணிக்குத்தான் அந்த 'மௌனம்' கிடைக்கிறது. போகிறவர்கள் ஊர்க் கடையில் ஒரு காபியாவது குடித்துவிட்டுப் போனால், அடுத்த முறை வரும்போதும் அந்தக் கடை திறந்திருக்கும்.