வடகம் போன தூரம்

என் அம்மா பிறந்த ஊர் அபிஷேகப்பாக்கம். அரியாங்குப்பம் கொம்யூனைச் சேர்ந்தது. கடலூர் சாலையில் தவளக்குப்பத்தில் இறங்கி உள்ளே போக வேண்டும். ஊரை ஒட்டினாற்போல் சிங்கிரிகுடி. பதினாறு கைகளோடு நரசிம்மர் அங்கே இருக்கிறார். ஊர் புதுச்சேரி, கோயில் தமிழ்நாடு. என் ஆயா காலத்தில் ஊர் பிரெஞ்சுக்காரன் சீமை, சாமி இங்கிலீஷ்காரன் சீமை. பானகம் வாங்கிக் குடித்துவிட்டு வருவதற்குள் இரண்டு சர்க்காரைத் தாண்டிவிடுவார்கள்.

இப்படிக் கோணல்மாணலாக எல்லை கிழிந்ததற்கு நவாபுகளின் வாரிசுச் சண்டைதான் காரணம். தனக்குத் துணை நின்றதற்காக 1749இல் சந்தா சாகிப் வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளைப் பிரெஞ்சுக்காரர்களுக்கு எழுதிக்கொடுத்தார். அப்புறம் ஆங்கிலேயர் பிடிப்பதும் விடுவதுமாக நடந்து, 1816இல் கடைசியாகத் திருப்பித் தந்தபோது கையில் நின்றது துண்டு துண்டான நிலம்தான். பாகூர் ஏரிக்குத் தண்ணீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்காலில் வரும். ஏரி ஒரு சர்க்காரில், அணை இன்னொரு சர்க்காரில்.

பெண் கொடுப்பதற்கும் எடுப்பதற்கும் யாரும் வரைபடம் பார்த்ததில்லை. ஆயாவின் அக்கா, தங்கைகள் எல்லைக்கு இரண்டு பக்கமும் வாழ்க்கைப்பட்டிருந்தார்கள். ஒவ்வொரு சித்திரையிலும் தாய்வீட்டிலிருந்து அவர்களுக்குப் போனது ஒரு மண்சட்டித் தாளிப்பு வடகம். 1949இல் இரு அரசுக்கும் இடையிலான சுங்க ஒப்பந்தம் முறிந்து, சாவடியில் கெடுபிடி கூடிய நாளிலும் அது போய்க்கொண்டுதான் இருந்தது. துணியையும் சாராயத்தையும் துழாவித் தேடியவர்களுக்கு வடகச் சட்டியைத் திறந்து பார்க்கத் தைரியம் வராது என்பாள் ஆயா. அந்த வாசனை அப்படி.

வடகம் போடுவது பங்குனி வெயிலுக்கான வேலை. சின்ன வெங்காயத்தை உரித்து உரலில் ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். நைந்துபோனால் தண்ணீர் விட்டுக் கெட்டுவிடும். பூண்டைத் தோலோடு தட்டிச் சேர்த்து, கடுகு, உளுத்தம்பருப்பு, வெந்தயம், சீரகம், மஞ்சள், கறிவேப்பிலை, கல்லுப்பு எல்லாம் கலந்து ராத்திரி முழுக்க மூடிவைப்பார்கள். மறுநாள் பாயில் பரப்பி, சாயங்காலம் உருண்டை பிடித்து மூடுவார்கள். அடுத்த நாள் உருண்டையை உடைத்து மறுபடி வெயில். நாளுக்கு நாள் நிறம் கறுக்கும். கடைசியில் விளக்கெண்ணெய் தொட்டு உருட்டினால் ஒரு வருஷத்துக்குப் பூச்சி அண்டாது. சோம்பு போடலாமா கூடாதா என்று ஆயாவுக்கும் அவள் ஓரகத்திக்கும் இருந்த பகை கடைசிவரை தீரவில்லை. (எனக்குச் சோம்பு பிடிக்காது. நான் ஆயா கட்சி.) கருவாட்டுக் குழம்பை இறக்கும்போது நல்லெண்ணெயில் அரை உருண்டையை உதிர்த்துப் பொரித்துக் கொட்டினால் தெருமுனைவரை தெரியும்.

கெடாத பண்டம் என்பதால்தான் அது கப்பலேறியது. 1881 செப்டம்பரில் வந்த ஆணைப்படி, இங்குள்ளவர்கள் தங்கள் சொந்தச் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து, ஒரு குடும்பப் பெயரைச் சூட்டிக்கொண்டு, பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் கீழ் வரலாம் என்றானது. புதுச்சேரியில் அதற்கு முன்னின்றவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. ஷூ போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போகும் உரிமைக்காக 1873இல் வழக்காடியவர் அவர். பிறகு லபோர்த் என்று பெயர் வைத்துக்கொண்டார். அப்படிப் பெயர் மாற்றியவர்களுக்கு இந்தோசீனாவில் வேலைகள் திறந்தன. வரி வசூல், போலீஸ், சிறைக்காவல், பட்டாளம். சைகோனுக்குப் போனவர்களின் பெட்டியில் வடகம் போனது. திரும்பி வந்தவர்களோடு நெம் என்ற வியட்நாமியச் சுருள் பலகாரம் வந்தது. புதுச்சேரியில் இன்றைக்கும் சாயங்காலத்தில் பொரித்து விற்கிறார்களே, அதே நெம். எங்கள் வீட்டில் அதை யாரும் வெளிநாட்டுப் பலகாரமாக நினைத்ததில்லை.

1954 அக்டோபர் 18இல் வில்லியனூர் அருகே கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர்வோம் என்றார்கள். நவம்பர் 1 முதல் ஆட்சி கைமாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல்தான் நடந்தது. அதன்பின் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள எழுதிக்கொடுக்கலாம் என்றார்கள். ஒரே வீட்டில் அண்ணன் எழுதிக்கொடுத்தார், தம்பி கொடுக்கவில்லை. சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளக்காரர்) பென்ஷன் வாங்கும் வீடுகளும் பாரிஸ் பக்கத்துக் குடியிருப்புகளில் பேரப்பிள்ளைகளும் அப்படி உண்டானவைதான்.

2000க்குப் பிறகு பிரான்சிலும் அமெரிக்காவிலும் பெரிய உணவகங்களில் ‘வடூவான்’ என்ற மசாலாவின் பேச்சு அடிபட்டது. நம் வடகத்தின் வழிவந்ததுதான். மிளகாயே சேராத தாளிப்பு. அந்த ஊர் நாக்குக்கு ஒத்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். உறவினர் ஒருவர் கொண்டுவந்த பாட்டிலைத் திறந்து பார்த்தேன். நல்ல பொன்நிறம், நறுவிசான வாசனை, மீன் மேல் தூவலாம். சாவடிக்காரனைத் துரத்தும் சக்தி அதற்கில்லை.

பாரிஸுக்குப் பக்கத்தில் இருக்கும் சித்தி மகள், அங்கே வெயில் போதாதென்று ஓவனில் காயவைக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டாள். “அடியே, அதுல வெச்சா வறுவலாப் போயிடும். வெயிலும் வேணும், ராத்திரிப் புளிப்பும் வேணும்” என்றாள் அம்மா. ஜூலையில் பால்கனியில் போட்டுப் பார்த்தாளாம். உருண்டை கறுக்காமல் பழுப்போடு நின்றுவிட்டதாம். குழம்புக்கு அதுவே போதும் என்கிறாள். கீரைக்கு மட்டும் ஊரிலிருந்து போனதைத்தான் உதிர்க்கிறாள்.