டெட்ராய்ட்டில் ஒருவர், ஷெஃபீல்டில் ஒருவர்

1960களிலும் 70களிலும் உலகம் முழுக்க ஒலித்த அமெரிக்க சோல் பாட்டுகளில் பல, நியூயார்க்கிலோ ஹாலிவுட்டிலோ பதிவானவை அல்ல. கார் தொழிற்சாலைகளின் நகரமான டெட்ராய்ட், மிசிசிப்பி ஆற்றங்கரையின் மெம்ஃபிஸ், அலபாமாவின் வடமேற்கு மூலையில் டென்னசி ஆற்றை ஒட்டிய சிற்றூர்கள் என்று இவை பிறந்த இடங்கள் வேறு. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு ஸ்டூடியோ, அதற்கென்று ஒரு வாத்தியக் குழு. வந்து பாடுகிறவர்கள் மாறுவார்கள், பின்னால் வாசிப்பவர்கள் மாறமாட்டார்கள். அந்தக் குழுக்களில் பேஸ் கிட்டார் வாசித்த இருவரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஒருவர் டெட்ராய்ட்டின் ஜேம்ஸ் ஜேமர்சன். மற்றவர் அலபாமாவின் ஷெஃபீல்டைச் சேர்ந்த டேவிட் ஹுட்.

இருவரையும் ‘எதையும் வாசிக்கத் தெரிந்தவர்’ என்று ஒரே சொல்லால் புகழ்வது வழக்கம். கேட்கக் கேட்க எனக்கு அது போதாமல் படுகிறது. இரண்டும் இரண்டு வேறு திறமைகள். அவர்களுடைய வாழ்க்கை எப்படிப் போனது என்பதற்கும் அந்தத் திறமைகளின் இயல்புக்கும் தொடர்பு உண்டு. அதைவிட, ஸ்டூடியோ சாவி யார் கையில் இருந்தது என்பதற்கும் தொடர்பு உண்டு.

ஜேமர்சன் 1936இல் தென் கரோலைனாவின் எடிஸ்டோ தீவில் பிறந்தவர். 1954இல் தாயுடன் டெட்ராய்ட்டுக்கு வந்தார். அங்கே உயர்நிலைப் பள்ளியில் நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய டபுள் பேஸைக் கற்றார். நகரத்து ஜாஸ், புளூஸ் விடுதிகளில் வாசித்து வந்தவரை 1959இல் மோட்டவுன் கம்பெனி பிடித்துக்கொண்டது. பெர்ரி கோர்டி தன் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி அதே ஆண்டில் தொடங்கிய கம்பெனி அது. வெஸ்ட் கிராண்ட் புலவாரில் ஒரு வீட்டை ஸ்டூடியோவாக்கியிருந்தார்கள். தாழ்ந்த கூரையும் தரையெல்லாம் ஒயர்களுமாக இருந்த அந்த அறைக்கு வாசிப்பவர்கள் வைத்த பெயர் ‘பாம்புக் குழி’.

மேரி வெல்ஸின் ‘மை கை’ போன்ற தொடக்க காலப் பாட்டுகளில் ஜேமர்சன் வாசித்தது டபுள் பேஸைத்தான். பிறகு ஃபெண்டர் பிரிசிஷன் பேஸுக்கு மாறினார். ஆனால் கை மாறவில்லை. டபுள் பேஸ் வாசிப்பவரைப் போலவே வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டும் மீட்டினார். கூட இருந்தவர்கள் அந்த விரலைக் ‘கொக்கி’ என்றார்கள். வழவழப்பான, தடித்த கம்பிகள், அறுந்தாலொழிய மாற்றமாட்டார். பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச். அதனால் ஸ்வரம் நீண்டு இழையாது, தட்டென்று விழுந்து அடங்கும். அடங்கிய இடத்தில் அடுத்த ஸ்வரத்துக்கு வழி கிடைக்கும்.

அந்த வழியை அவர் எப்படிப் பயன்படுத்தினார் என்பதற்கு ஸ்டீவி வொண்டர் பாடிய ‘ஃபார் ஒன்ஸ் இன் மை லைஃப்’ ஒன்றே போதும். 1968இல் வெளியான பதிவு. முதல் முறை பாட்டை மறந்துவிட்டு பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். ஓர் அடியில் வாசித்ததை அடுத்த அடியில் அப்படியே திருப்பி வாசிப்பதே அரிது. அடிப்படை ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு, அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக நழுவி, தாளத்தின் அடிக்குச் சற்று முன்னாலோ பின்னாலோ விழுந்து, அடுத்த கார்டுக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்கிறார். வொண்டரின் குரலுக்குக் கீழே இன்னொருவர் பாடிக்கொண்டே போகிறார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் குரலின் மேல் ஒருமுறைகூட இடிப்பதில்லை. ஃபோர் டாப்ஸின் ‘பெர்னடெட்’டிலும் இதே துணிச்சல்தான், ஆனால் வேறு சொற்கள். டெம்டேஷன்ஸின் ‘மை கர்ள்’ தொடங்குவதோ இரண்டே ஸ்வரங்களில், இதயத்துடிப்பு மாதிரி. அங்கே அவர் ஒன்றும் செய்யாமல் நிற்கிறார். பேசத் தெரிந்தவருக்குச் சும்மா இருக்கவும் தெரிந்திருந்தது. எந்தப் பாட்டானாலும் இரண்டு அடிக்குள் வாசிப்பது ஜேமர்சன் என்று தெரிந்துவிடும். அவர் எங்கும் தன்னை மாற்றிக்கொள்ளவில்லை. தனக்குள்ளேயே தீராமல் புதிதாகிக்கொண்டிருந்தார்.

ஹுட்டின் வழி நேரெதிர். 1943இல் ஷெஃபீல்டில் பிறந்தவர், டிராம்போனும் வாசிப்பார். பக்கத்து ஊரான மசில் ஷோல்ஸில் ரிக் ஹாலின் ‘ஃபேம்’ ஸ்டூடியோவில் வாசித்துத் தேறினார். 1969இல் டிரம்ஸ் வாசிக்கும் ரோஜர் ஹாக்கின்ஸ், கிட்டாரிஸ்ட் ஜிம்மி ஜான்சன், கீபோர்டு வாசிக்கும் பேரி பெக்கெட் மூவரோடும் சேர்ந்து வெளியேறினார். அட்லாண்டிக் நிறுவனத்தின் ஜெர்ரி வெக்ஸ்லர் கைகொடுக்க, ஷெஃபீல்டில் 3614, ஜாக்சன் ஹைவே என்ற முகவரியில் நால்வரும் சொந்த ஸ்டூடியோ தொடங்கினார்கள். எதிரே கல்லறைத் தோட்டம். அந்தக் கட்டடமே ஒரு காலத்தில் சவப்பெட்டிகளைப் பார்வைக்கு வைத்திருந்த இடம். அங்கே முதலில் வந்து ஆல்பம் பதிவு செய்தவர் பாடகி ஷேர். ஆல்பத்தின் பெயரும் அந்த முகவரிதான்.

வெளியூர்க்காரர்கள் இந்த நால்வரைக் கறுப்பர்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் 1963இல் கறுப்பின மாணவர்களைத் தடுக்கப் பல்கலைக்கழக வாசலில் நின்ற அலபாமாவில், வெள்ளைக்கார இளைஞர்கள் கறுப்பினப் பாடகர்களோடு ஒரே அறையில் அமர்ந்து நாள் முழுக்க வேலை செய்தார்கள். இதை மிகைப்படுத்திப் புனிதமாக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஊரில், அந்த ஆண்டுகளில் அது சிறிய காரியம் அல்ல.

ஹுட்டின் முத்திரை எது என்று கேட்டால் பெரும்பாலோர் ஸ்டேப்பிள் சிங்கர்ஸின் ‘ஐல் டேக் யூ தேர்’ பாட்டைச் சொல்வார்கள். 1972இல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. இரண்டே கார்டுகள், அவையே சுற்றிச் சுற்றி வருகின்றன. அஸ்திவாரம் ஜமைக்காவிலிருந்து வந்தது. ஹாரி ஜே ஆல்ஸ்டார்ஸின் ‘லிக்விடேட்டர்’ என்ற ரெகே இசைத்தட்டின் போக்கு அதில் அப்பட்டமாகத் தெரியும். ஹுட் இங்கே ஜேமர்சனைப் போல ஓடுவதில்லை. ஒரு சிறு சொற்றொடரை எடுத்துக்கொள்கிறார், இடைவெளி விடுகிறார், மறுபடி அதையே சொல்கிறார். அந்த இடைவெளியில் ஹாக்கின்ஸின் டிரம்ஸ் மூச்சு விடுகிறது. பாதிக்குமேல் குழுவின் பாடகி மேவிஸ் ஸ்டேப்பிள்ஸ் பாடுவதை நிறுத்தி, டேவிட் என்று பேர் சொல்லி அழைத்து பேஸுக்கு வழிவிடுகிறார். அப்போதும் ஹுட் வித்தை காட்டவில்லை. அதே சொற்றொடரைக் கொஞ்சம் விரித்து, கொஞ்சம் மேலேற்றிக் காட்டிவிட்டு இறங்கிவிடுகிறார்.

இந்தப் பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் பால் சைமன் அந்த ஜமைக்கா வாத்தியக்காரர்கள் தனக்கும் வேண்டும் என்று கேட்டாராம். அவர்கள் அலபாமாவின் வெள்ளைக்காரர்கள் என்று பதில் வந்தது. ஷெஃபீல்டுக்கு வந்தவர் ‘கோடக்குரோம்’ உட்படப் பல பாட்டுகளை அங்கே பதிந்தார். அவை 1973இல் வெளிவந்தன. அதே ஆண்டு ஹுட்டும் ஹாக்கின்ஸும் டிராஃபிக் என்ற ஆங்கிலேய ராக் குழுவோடு கச்சேரிப் பயணம் போனார்கள். 1974இல் வில்லி நெல்சனின் கண்ட்ரி ஆல்பம், அதன் பிறகு பாப் சீகரின் ராக். ஜமைக்காவின் ஜிம்மி கிளிஃப்பும் அங்கே வந்து பதிவு செய்தவர்தான். இத்தனையிலும் ஹுட்டை ஒலியை வைத்து அடையாளம் காண்பது கடினம். வந்தவர் பாட்டுக்கு எது தேவையோ அதுவாகிவிடுகிறார். ‘இது அவர் வாசித்ததா!’ என்ற வியப்பே அவருக்கான பாராட்டு.

கலை என்று பார்த்தால் என் மனம் ஜேமர்சன் பக்கம்தான் சாயும். பேஸ் கிட்டார் என்ற வாத்தியத்துக்கு இப்படியும் பேச வரும் என்று காட்டியவர் அவர். அவருக்குப் பின் வந்தவர்கள் அந்தப் பேச்சைத் தெரிந்தோ தெரியாமலோ தொடர்ந்தார்கள். ஹுட்டின் பெருமையை அவர் ஒருவரின் விரல்களில் தேடினால் கிடைக்காது. நான்கு பேரும் ஒருவரை ஒருவர் கேட்டபடி வாசித்த விதத்தில் தேட வேண்டும்.

ஆனால் வாழ்க்கை இந்தக் கணக்குப்படி நடக்கவில்லை. 1971இல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பம் வரும்வரை ஜேமர்சன் பெயரை மோட்டவுன் தன் உறைகளில் அச்சிடவில்லை. பன்னிரண்டு ஆண்டு உழைப்புக்குப் பிறகு முதல்முறையாகப் பெயர். அடுத்த ஆண்டே கம்பெனி லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிளம்பிவிட்டது. டெட்ராய்ட் வாத்தியக்காரர்களிடம் யாரும் யோசனை கேட்கவில்லை. ஜேமர்சன் 1973இல் பின்னாலேயே போனார். அங்கே பலருக்கு அவரைப் பற்றித் தெரியாது. தெரிந்தவர்களுக்கோ பளீரென்று ஒலிக்கும் புதுக் கம்பிகளும், கட்டை விரலால் தட்டி வாசிக்கும் புதுப் பாணியும் தேவைப்பட்டன. அவர் கம்பிகளை மாற்ற மறுத்தார். குடி முற்றியது, வேலை குறைந்தது. 1983 ஆகஸ்டில் 47 வயதில் இறந்தார். அதற்குச் சில நாட்களுக்கு முன் அவருடைய ஃபெண்டர் பேஸ் களவு போயிருந்தது. குடியைக் காரணம் காட்டி இந்த முடிவை அவர் தலையிலேயே கட்டிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஓர் ஊரின் இசையை ஒருவரின் விரலிலிருந்து எடுத்துக்கொண்டு, ஊரையும் அவரையும் ஒரே நாளில் கைவிட்ட முதலாளித்தனத்துக்கும் அதில் பங்கு உண்டு.

ஹுட்டுக்கு அந்த நிலை வரவில்லை. பாடகர்கள் அவரைத் தேடி ஷெஃபீல்டுக்கு வந்தார்கள். அவர் யாரையும் தேடி ஊரை விட்டுக் குடிபெயர வேண்டியிருக்கவில்லை. 1970களின் இறுதியில் பெரிய கட்டடத்துக்கு மாறினார்கள், 1985இல் ஸ்டூடியோவை விற்றார்கள். இரண்டுமே அவர்கள் எடுத்த முடிவுகள். மகன் பேட்டர்சன் ஹுட் இன்று டிரைவ்-பை டிரக்கர்ஸ் குழுவின் பாடகர். ஜாக்சன் ஹைவே கட்டடம் 2017 முதல் அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறது. கூட்டாளிகளில் பெக்கெட் 2009இலும் ஜான்சன் 2019இலும் ஹாக்கின்ஸ் 2021இலும் காலமாகிவிட்டார்கள்.

ஜேமர்சனை ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் 2000இல் சேர்த்துக்கொண்டது, இறந்து பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு. பழைய மோட்டவுன் பாட்டுகள் இன்றும் புதுப்புதுத் தொகுப்புகளாக விற்பனைக்கு வருகின்றன. அவை ஒவ்வொன்றிலும் பாடகரின் பெயருக்குக் கீழே பேஸ் வாசித்தவர் பெயரையும் அச்சிடுவதற்கு இனியாவது கம்பெனி வழி செய்ய வேண்டும்.