ஆறே மாசத்துல ‘பழைய மாடல்’... கார் வாங்கத் தயங்க வைக்கும் திடீர் மாற்றங்கள்!

லோன் போட்டு, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, புது காரை வீட்டுக்கு ஓட்டிட்டு வர்றீங்க. ஆறே மாசத்துல அதே கார் கூடுதல் வசதிகளோட மறுபடி அறிமுகமானா எப்படி இருக்கும்?

சீனாவில் ஸீக்கர் 001 மின்சார கார் வாங்கியவர்களுக்கு இதுதான் நடந்தது. 2024 பிப்ரவரியில் மேம்படுத்தப்பட்ட மாடல் வந்தது. ஆகஸ்ட்டிலேயே அடுத்த மாடலும் வந்துவிட்டது, அதுவும் லைடார் சென்சாரோடு! சாஃப்ட்வேர் என்றால் அப்டேட் போட்டுக்கலாம். சென்சாரை எப்படி டவுன்லோடு செய்வது? வாங்கியவர்கள் கொந்தளித்ததில் ஆச்சர்யமே இல்லை. 2023 ஜனவரியில் டெஸ்லா சீனாவில் விலையைக் குறைத்தபோதும், ஏற்கெனவே வாங்கியவர்கள் ஷோரூம்களுக்கே போய்ப் போராடினார்கள்.

முன்பெல்லாம் ஒரு கார் வந்தால் மூன்று, நான்கு வருஷம் கழித்துத்தான் ஃபேஸ்லிஃப்ட் வரும். இப்போது பேட்டரி விலை சரிவும் கடும் போட்டியும் அந்தக் கணக்கை மாற்றிவிட்டன. நம்ம ஊரிலும் நடந்திருக்கிறது. டாடாவின் புதிய நெக்ஸான் இ.வி 2023 செப்டம்பரில் வந்தது. 2024 பிப்ரவரியில், பேட்டரி செல் விலை குறைந்ததைக் காரணம் காட்டி ரூ.1.2 லட்சம் வரை குறைத்தார்கள். புதுசா வாங்குறவங்களுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால், முந்தின மாசம் வாங்கியவர்?

அவருக்கு வலி ரீசேலில்தான். யூஸ்டு கார் விலை, அதே காரின் இன்றைய ஷோரூம் விலையைப் பார்த்துத்தான் பேசப்படும். அது இறங்கினால் உங்கள் காரின் மதிப்பும் இறங்கும். இ.எம்.ஐ மட்டும் பழைய விலைக்கே ஓடிக்கொண்டிருக்கும். இதைப் பார்க்கிற அடுத்த ஆள், ‘இன்னும் கொஞ்ச நாள் பொறுப்போமே’ என்று நினைக்கிறார். வாங்குபவர்கள் ஒதுங்கினால் ஸ்டாக் தேங்கும். அதைத் தள்ளிவிட இன்னொரு தள்ளுபடி வரும். தயக்கம் இன்னும் கூடும்.

சரி, நீங்க எப்படி உஷாரா இருக்கலாம்? வழக்கத்தைவிடப் பெரிய தள்ளுபடி தந்தால், ‘புது மாடல் எப்போ வருது?’ என்று நேராகவே கேளுங்கள். சேல்ஸ்மேன் மழுப்பினால், டெஸ்ட் ஓட்டத்தில் இருக்கும் ஸ்டிக்கர் ஒட்டிய கார்களின் படங்களை நெட்டில் தேடுங்கள். தயாரிப்பு மாதம், வருடம் ஆர்.சி-யில் இருக்கும்தான். ஆனால், அது கைக்கு வரும்போது லேட்டாகிவிடும். பணம் கட்டும் முன்பே சேஸிஸ் நம்பரை வாங்கிச் சரிபாருங்கள்.

புக்கிங் படிவத்தையும் படிங்க, ப்ளீஸ். பெரும்பாலும் டெலிவரி நாளன்று உள்ள விலைதான் செல்லும் என்று போட்டிருப்பார்கள். குறைந்தால் லாபம், ஏறினால் நீங்கதான் கட்டணும்.

ஏழெட்டு வருஷம் ஓட்டப் போறீங்கன்னா, இதுக்காக ரொம்பத் தூக்கத்தைக் கெடுத்துக்க வேண்டாம். மூணு வருஷத்துல மாத்துற ஆளா? அப்படின்னா, இப்போதுதான் அறிமுகமான மின்சார காருக்கு முதல் வாரமே ஓட வேண்டாம். சில மாசம் பொறுங்க, விலை எங்கே நிக்குதுன்னு தெரிஞ்சிடும்.